புற்றுநோய் என்று தெரிந்த ஆறாம் மாதம் கிரவுண்டில்: செபாஸ்டியன் ஹாலர் பற்றிப் பேசுவோம் மக்கா

வலைக்காரன் எழுதியது:

நீரோடியில் இருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் பிளக்ஸ் வைக்காத கடற்கரை ஊர் நம்ம மாவட்டத்தில் கிடையாது. செபாஸ்டியன் ஹாலருக்கு யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய நட்சத்திரம் இல்லைதான். ஆனாலும் இந்த ஆளுக்கு இங்கே ஒரு இழை வேண்டும் என்று ரொம்ப நாளாகவே எண்ணம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1994-ல் பிரான்சில் பிறந்தவன். அம்மா ஐவரி கோஸ்ட்காரி. நல்ல உயரம், சென்டர் பார்வர்டு. 2021-22 சீசனில் நெதர்லாந்து கிளப் அயாக்ஸுக்காக சாம்பியன்ஸ் லீக்கில் 11 கோல் அடித்தான். அதில் நாலு முதல் மேட்சிலேயே, ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு எதிராக. எர்லிங் ஹாலண்டு மான்செஸ்டர் சிட்டிக்குப் போன இடத்தை நிரப்ப, 2022 ஜூலையில் ஜெர்மன் கிளப் டோர்ட்மண்ட் இவனை வாங்கியது. சீசனுக்கு முந்தைய கேம்ப் சுவிட்சர்லாந்தில். பயிற்சி முடிந்ததும் உடம்பு சரியில்லை என்றான், கிளப் டாக்டர்கள் பார்த்தார்கள். ஜூலை 18 அன்று அறிவிப்பு வந்தது: விதைப்பையில் கட்டி. புது ஜெர்சி போட்டு ஒரு லீக் மேட்ச்கூட ஆடியிருக்கவில்லை.

இரண்டு ஆபரேஷன், நாலு சுற்று கீமோ. 2023 ஜனவரி 22 அன்று ஆக்ஸ்பர்க் மேட்சில் மாற்று ஆட்டக்காரனாக உள்ளே வந்தான். பிப்ரவரி 4 அன்று பிரைபர்க்குக்கு எதிராக டோர்ட்மண்டுக்கு முதல் லீக் கோல். அன்றைக்கு உலகப் புற்றுநோய் தினம். யாராவது இப்படி ஒரு சினிமாக் கதை எழுதிக்கொண்டு வந்தால் "கொஞ்சம் ஓவர்" என்று சொல்லியிருப்போம்.

ஓவர் இல்லாத பாகமும் இருக்கிறது. அதே வருஷம் மே 27, சீசனின் கடைசி நாள். சொந்த மைதானத்தில் மைன்ஸை ஜெயித்தால் டோர்ட்மண்ட் சாம்பியன். ஒரு கோல் பின்தங்கி நிற்கும்போது பெனால்டி கிடைத்தது. ஹாலர் அடித்தான், கோலி பிடித்துவிட்டார். மேட்ச் 2-2. பாயர்ன் மியூனிக்கும் டோர்ட்மண்டும் 71 புள்ளியில் நிற்க, கோல் வித்தியாசத்தில் கோப்பை மியூனிக் போயிற்று.

அப்புறம் 2024 பிப்ரவரி 11, ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம், அம்மாவின் ஐவரி கோஸ்டுக்காக, அந்த நாட்டிலேயே. நைஜீரியாவோடு 1-1. 81-வது நிமிஷம், அடிங்ரா இடது பக்கமிருந்து கொடுத்த பந்தைக் காலை நீட்டித் தொட்டான். 2-1. கோப்பை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பங்கு இளைஞர் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கோலைப் போட்டு, "மன உறுதி இருந்தால் கேன்சரும் தோற்கும்" என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. காரணம் இருக்கிறது, பைய சொல்கிறேன். முதலில் உங்கள் கருத்தைப் போடுங்கள்.

---

கிரிக்கெட் மட்டும் எழுதியது:

இதற்கு ஐவரி கோஸ்ட் வரைக்கும் ஏன் போக வேண்டும்? யுவராஜ் சிங் இருக்கிறாரே. 2011 உலகக் கோப்பையில் 362 ரன், 15 விக்கெட், தொடரின் சிறந்த வீரர். சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 113 அடித்தபோது நடுவில் வாந்தி எடுத்துக்கொண்டே ஆடினார். வெயில்தான் காரணம் என்று எல்லாரும் நினைத்தோம். நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் கட்டி இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அமெரிக்காவில் கீமோ முடித்து, 2012 செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்தோடு டி-20 ஆடினார். 26 பந்தில் 34. ஒரு ரன்னில் தோற்றோம், அது வேறு கதை.

மன உறுதி இல்லாமல் இதெல்லாம் நடக்குமா? வலைக்காரன் அண்ணே, சும்மா எதிர்க்க வேண்டும் என்று எதிர்க்காதீர்கள்.

---

பழைய கோலி எழுதியது:

அந்த பெனால்டியைத் தடுத்தவர் பெயர் ஃபின் டாமன். ஸ்ட்ரைக்கர் கோல் போட்டால் இழை திறக்கிறீர்கள், கோலி தடுத்தால் "கோலி பிடித்துவிட்டார்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறீர்கள். குளச்சலில் பத்து வருஷம் போஸ்டுக்கு நடுவில் நின்றவன் என்ற முறையில் என் கண்டனம்.

சரி, விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனால் அந்த பெனால்டியில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. பாவம், நோயில் இருந்து வந்தவன் என்று டாமன் விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற ஸ்ட்ரைக்கர் அடிக்கிற பந்தைத் தடுக்கிற மாதிரித்தான் இவன் பந்தையும் தடுத்தார். அதுதான் அவன் முழுசாகத் திரும்பி வந்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக எனக்குப் பட்டது. இங்கே நம்ம ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவனை அதற்கப்புறம் யாரும் ஆளாகவே நினைப்பதில்லை. "நீ இரி மக்கா, ஓடாதே" என்று ஓரத்தில் உட்கார்த்தி வைத்துவிடுவோம்.

---

வார்டு சிஸ்டர் எழுதியது:

புற்றுநோய் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். பந்து விளையாட்டு எனக்குத் தெரியாது, என் மகன் சொல்லித்தான் இந்த இழையைப் பார்த்தேன்.

யுவராஜுக்கு வந்ததும் ஹாலருக்கு வந்ததும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். இரண்டுமே உயிரணு உண்டாக்கும் செல்களில் பிறக்கிற கட்டி. பெரும்பாலும் விதைப்பையில் வரும், சிலருக்கு நெஞ்சுக்குள் வரும். பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கும். மேல்நாடுகளை விட நம் நாட்டில் ரொம்பக் குறைவு. அதனாலேயே நம் பயல்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இதற்கு ஒரு விசேஷம் உண்டு. உடம்பில் பரவின பிறகும் முழுசாகக் குணமாகிற புற்றுநோய்கள் கொஞ்சம்தான். இது அதில் ஒன்று. ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1974-க்கு முன்னால் பரவிவிட்டால் பத்தில் ஒருவர் பிழைப்பதே அபூர்வம். அந்த வருஷம் அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்கிற இளம் டாக்டர், சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பிளாட்டினம் உலோகத்தில் இருந்து செய்த மருந்து அது. ஜான் கிளீலண்டு என்ற கல்லூரி மாணவர் எல்லா மருந்தும் கைவிட்ட நிலையில் அதை ஏற்றிக்கொண்டார். கட்டிகள் கரைந்தன. அவர் பிழைத்து, பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியராகி, பல பத்து வருஷம் வாழ்ந்தார். இன்றைக்கு ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நூற்றுக்கு தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம்.

கிரிக்கெட் தம்பி, யுவராஜ் சிகிச்சைக்குப் போய் நின்றதும் அதே ஐன்ஹார்னிடம்தான். மன உறுதி 1973-லும் மனிதர்களிடம் இருந்தது. மருந்துதான் இல்லை.

---

வலைக்காரன் எழுதியது:

சிஸ்டர், கடைசி இரண்டு வரியை அப்படியே எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

---

கிரிக்கெட் மட்டும் எழுதியது:

சரி அக்கா, மருந்துதான் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருந்து உயிரைக் காப்பாற்றும், விளையாட்டை மருந்தா திருப்பிக் கொடுக்கும்? குணமானவர்கள் ஆயிரம் பேர். இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர் ஒருத்தர்தான். அந்த இடைவெளியில் இருப்பது மனம்தானே?

---

வார்டு சிஸ்டர் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. மனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் வேறு சிலதும் இருக்கின்றன.

இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கிற மூன்று மருந்தில் ப்ளியோமைசின் என்று ஒன்று. அது சிலருக்கு நுரையீரலைக் கெடுத்துத் தழும்பாக்கிவிடும். சாதாரணமாக நடந்து போய் வேலை பார்க்கிறவருக்குக் கொஞ்சம் மூச்சு குறைந்தால் பெரிதாகத் தெரியாது. ஓடுகிறவனுக்கு அதுதான் முதல். சைக்கிள்காரர் லான்ஸ் ஆர்ம்ஸ்டிராங்குக்கு 1996-ல் இதே நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தபோது, இண்டியானாவில் அந்த மருந்தை ஒதுக்கிவிட்டு வேறொன்று கொடுத்தார்கள். அந்த முடிவு டாக்டருடையது. சிஸ்பிளாட்டின் வேறு விதம். கை கால் விரலில் மரமரப்பு, காதில் இரைச்சல், சிறுநீரகத்துக்குப் பாரம். யாருக்கு எது எவ்வளவு தங்கும் என்பதில் பாதி உடம்புவாகு. பாதி, எத்தனை சுற்று ஏற்ற வேண்டிவந்தது என்பது. எத்தனை சுற்று என்பது எவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்பதைப் பொறுத்தது.

அதே 2022-ல் ஜெர்மன் லீக்கில் ஹாலரோடு சேர்த்து நாலு பேருக்கு இந்த நோய் என்று மகன் காட்டினான். யூனியன் பெர்லினில் பாம்கார்ட்ல், ஹெர்தாவில் ரிக்டர், அதே ஹெர்தாவில் போட்டியஸ். ரிக்டருக்கு ஆபரேஷனோடு முடிந்தது, சில வாரத்தில் களத்துக்கு வந்துவிட்டார். ஹாலருக்கு ஆறு மாதம் ஆனது. ரிக்டருக்கு ஹாலரை விட மன உறுதி கூடுதல் என்று யாராவது சொல்வார்களா?

---

வெட்டுமணி எழுதியது:

ஒரே லீக்கில் ஒரே வருஷம் நாலு பேர் என்றால் புல்லில் அடிக்கிற மருந்தா, குடிக்கிற எனர்ஜி பானமா, வல்லதும் இருக்கும். அது கிடக்கட்டும். நம்ம மாவட்டத்தில் கேன்சர் ஏன் இவ்வளவு? மணவாளக்குறிச்சி மணல். மோனசைட், அதில் கதிர்வீசும் தோரியம். அந்தக் கடற்கரையில்தான் நம்ம பயல்கள் பிறந்ததில் இருந்து பந்து விளையாடுகிறார்கள். அதை யாரும் பேசமாட்டீர்கள்.

---

கணக்கு வாத்தியார் எழுதியது:

பேசுவோம் வெட்டுமணி. மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. 1909-ல் ஜெர்மானியர் ஷோம்பர்க் இங்கிருந்து போன கயிற்று மூட்டையில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். நம் கடற்கரையைப் போலவே கேரளத்தில் கருநாகப்பள்ளி, சவரா பக்கமும் இந்த மணல் உண்டு. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) ஆட்கள் அங்கே கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு கூடுதலான வீடுகளில் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை.

இது கருநாகப்பள்ளி ஆய்வு, மணவாளக்குறிச்சியில் நடந்தது அல்ல. அந்தக் குறையை நானே சொல்லிவிடுகிறேன். கிள்ளியூர் தாலுகாவில் மணல் எடுக்கக் கூடாது என்று மக்கள் நிற்பதற்கு வேறு பல நியாயங்கள் இருக்கின்றன: கடலரிப்பு, வீடு, நிலத்தடி நீர். அதற்கெல்லாம் நானும் கூட வருவேன். ஆனால் ஒரு பையன் விதைப்பையில் கட்டியைப் பார்த்ததும் "மணலாக்கும், விதி" என்று இருந்துவிட்டால் அது ஆபத்து.

ஜெர்மனியில் நாலு பேர் என்பதும் அப்படியே. அந்த வயசு ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் அது. லீக்கில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த வயசு. ஒருத்தன் வெளியே சொன்னதும் மற்றவர்களும் தடவிப் பார்க்கிறார்கள்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

மணல் ஆலை பற்றி ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடவும். இங்கே விளையாட்டு.

---

நெய்யூர்க்காரன் எழுதியது:

விளையாட்டு, உடம்பு, நம்ம மாவட்டம் மூன்றையும் சேர்த்து ஒரு ஆள் இருக்கிறாரே, யாரும் சொல்லவில்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஹோவார்ட் சோமர்வெல். 1922 எவரெஸ்ட் பயணத்தில் போனவர். அந்தப் பயணத்துக்காக 1924-ல் ஷாமொனி குளிர்கால ஒலிம்பிக்கில் மலையேற்றப் பதக்கம் கொடுத்தார்கள். அதாவது ஒலிம்பிக் பதக்கம் வாங்கின ஒருத்தர் நெய்யூரில் நம்ம தாத்தா பாட்டிகளுக்கு வயிற்றைக் கீறி வைத்தியம் பார்த்திருக்கிறார். முதல் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், இங்கே காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துத் தங்கிவிட்டார் என்பது வரலாறு.

1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி வரைக்கும் போனார். இறங்கும்போது பனி கடித்த தொண்டையின் உள்தோல் பிய்ந்து மூச்சை அடைத்துவிட்டது. சாகப்போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தார். கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை ஓங்கி அமுக்கி இருமினார், அடைப்பு வெளியே வந்தது. எழுந்து இறங்கினார்.

இதில் மன உறுதி உண்டு. டாக்டர் என்பதால் நெஞ்சை எப்படி அமுக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததும் உண்டு. இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

---

பழைய கோலி எழுதியது:

நெய்யூர்க்காரரே, அந்த ஆஸ்பத்திரியில் நான் பிறந்தவனாக்கும். இது தெரியாமலே இத்தனை வருஷம் போயிற்றே.

---

தோவாளைப்பூ எழுதியது:

எல்லாரும் ஆண்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் தம்பிக்கு இதே தீனம் வந்தது. கபடி விளையாடுவான். வலி இல்லை, ஒரு பக்கம் கல்லு மாதிரி இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வான்? அப்பா இல்லை. அக்கா என்னிடம் சொல்லுவானா? முதுகு வலி என்று படுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆர்.சி.சி.யில் காட்டினோம். அந்த நாட்களில் நாகர்கோவிலில் காலையில் ரயில் ஏறினால் பெட்டியில் பாதிப் பேர் அங்கே போகிறவர்கள்தான். கையில் பைல், மடியில் சோற்றுப் பொதி. முகத்தைப் பார்த்தே யாருக்கு எத்தனையாவது சுற்று என்று சொல்லிவிடலாம். தலைமுடி போனவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு எந்தக் கவுண்டர், எங்கே சாப்பாடு என்று சொல்லிக் கொடுப்பார்கள். என் தம்பிக்குக் கிடைத்த தைரியம் அந்த ரயிலில் கிடைத்ததுதான்.

கீமோ தொடங்கும் முன்னால் டாக்டர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, பிற்காலத்தில் பிள்ளை வேண்டும் என்றால் விந்தைச் சேமித்து வைக்கலாம் என்று சொன்னார். எங்கள் குடும்பத்தில் அதை யாரும் வாய் திறந்து பேச முடியவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் கூடப் போய் எல்லாம் செய்தார். மச்சான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது தம்பிக்கு நல்ல சுகம். கபடி விளையாடுவதில்லை. அவனைப் பார்த்து யாரும் வீடியோ போடவில்லை.

---

வலைக்காரன் எழுதியது:

தோவாளை அக்கா, நான் சொல்ல வந்த காரணத்தின் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மீதியைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் என்னோடு விங்கில் ஆடினவன் ஒருத்தன். பந்து காலில் கிடைத்தால் பிடிக்க ஆள் கிடையாது. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கேம்புக்குக் கூப்பிடுவார்கள் என்று ஊரே நம்பியது. அப்புறம் வீட்டுக் கஷ்டம், ஆழ்கடல் போட்டில் ஏறிவிட்டான். தங்கல் போனால் கரை காண ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். கடலில் இருக்கும்போதுதான் வீக்கத்தைப் பார்த்திருக்கிறான். போட்டில் பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள், எல்லாரும் கூட்டாளிகள். ஆனாலும் ஒருத்தனிடமும் சொல்லவில்லை. கரைக்கு வந்ததும் ஒரு நாட்டு மருந்துக்காரர் எண்ணெய் கொடுத்தார். அடுத்த தங்கல் போய்விட்டான். திரும்பி வந்தபோது வயிற்றிலும் நுரையீரலிலும் இருந்தது.

பிழைத்துவிட்டான், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நுரையீரல் பழையபடி இல்லை. ஒரு நாள் ஆசையாக பூட்ஸ் போட்டு இறங்கினான், பாதி கிரவுண்டு ஓடி முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அப்போது ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மனசு தளர்ந்து போச்சு பயலுக்கு." இப்போது இந்த வீடியோவையும் அவனுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "பாரு, இவன் வந்துட்டான், நீயும் வா" என்று. அனுப்பினவன் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பான். வாங்குகிறவனுக்கு அது எப்படி இருக்கும்?

மன உறுதியால் ஜெயித்தான் என்று ஒருத்தனைச் சொன்னால், ஜெயிக்காதவன் உறுதி இல்லாதவன் என்று சொல்லாமலே சொன்னதாகிவிடுகிறது. ஹாலர் செய்ததில் எனக்குப் பெரியதாகப் படுவது அந்த 81-வது நிமிஷம் இல்லை. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கின புதுக் கிளப்பில் வந்து சில நாளே ஆகியிருந்தபோது, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னானே, அது. அந்த இடத்தில் நாங்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டோம். "டீமில் இடம் போய்விடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருப்போம்.

---

கிரிக்கெட் மட்டும் எழுதியது:

அண்ணே, இதற்கு எனக்குப் பதில் இல்லை. ஆனாலும் ஒன்று. கீமோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பயலுக்கு யுவராஜ் கதை ஒரு பிடிமானம். அதையும் பிடுங்கிவிட்டால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

---

தோவாளைப்பூ எழுதியது:

அது உண்மைதான் தம்பி. என் தம்பி மொபைலில் யுவராஜ் படம்தான் வைத்திருந்தான்.

---

கல்ஃப் மக்கா எழுதியது:

வேலை முடிந்து வந்து இழை முழுக்கப் படித்தேன். வலைக்காரா, அந்த ஆப்பிரிக்கக் கோப்பைக் கதையில் நீ ஒரு ஆளை விட்டுவிட்டாய்.

ஐவரி கோஸ்ட் அந்தத் தொடரில் எக்குவடோரியல் கினியிடம் 4-0 என்று தோற்றது. சொந்த நாட்டு ஜனத்துக்கு முன்னால். கோச் காசே வேலை போயிற்று. மொரோக்கோ சாம்பியாவை ஜெயித்ததால்தான் மூன்றாம் இடத்துக்காரர்களில் ஒருவராக அடுத்த சுற்றுக்குள் நுழைந்தார்கள். உதவி கோச்சாக இருந்த எமர்ஸ் ஃபாயே திடீர் கோச் ஆனார். அவர் யார் தெரியுமா? அதே ஐவரி கோஸ்ட் அணிக்கு ஆடின மிட்ஃபீல்டர். காலில் ரத்தக் குழாய் வீங்கி அடைக்கிற நோய் திரும்பத் திரும்ப வந்ததால் 2012-ல் இருபத்தெட்டு வயசிலேயே ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. திரும்பி வரவே இல்லை. கோச்சிங் படித்தார்.

செனகலை பெனால்டியில், மாலியைக் கூடுதல் நேரத்தில், காங்கோவை ஹாலர் கோலில், கடைசியில் நைஜீரியாவை. கோப்பை வாங்கின அன்றைக்கு மேடையில் இரண்டு பேரும் இருந்தார்கள். உன் விங் கூட்டாளிக்கு அனுப்புவதென்றால் ஃபாயே படத்தை அனுப்பு.

---

வலைக்காரன் எழுதியது:

மக்கா, இது எனக்குத் தெரியாதே! இப்போதே அனுப்புகிறேன். அவன் இப்போது எங்கள் செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடுகிற பந்தாட்டம்) ரெப்ரி. விசில் அவனிடம் இருந்தால் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்.

---

வெட்டுமணி எழுதியது:

ஆர்ம்ஸ்டிராங் பெயர் வந்தது. அந்த ஆள் 1999 முதல் 2005 வரை ஏழு டூர் டி பிரான்ஸ் ஜெயித்து, ஊக்கமருந்து என்று 2012-ல் ஏழும் பிடுங்கப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அவனையும் ஒரு காலத்தில் இப்படித்தான் தலையில் வைத்து ஆடினார்கள். நோயில் இருந்து வந்தவன் பொய் சொல்லமாட்டான் என்று கேள்வி கேட்டவர்களை எல்லாம் வாயடைத்தார்கள்.

---

வார்டு சிஸ்டர் எழுதியது:

நோய் குணமானது நிஜம், ஏமாற்றியதும் நிஜம். வார்டில் எல்லா விதமான மனிதர்களும் படுப்பார்கள் வெட்டுமணி.

---

புதுப்பயல் எழுதியது:

இங்கே முதல் தடவை எழுதுகிறேன். யாரும் கேலி செய்யாதீர்கள். எனக்கு இடது பக்கம் ரொம்ப நாளாகப் பெரிதாக இருக்கிறது. வலி இல்லை. பந்து பட்டதால் என்று நினைத்தேன். இந்த இழை படித்த பிறகு தூக்கம் வரவில்லை. இதற்கு எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும்? வீட்டில் தெரியாமல் பார்க்க முடியுமா?

---

வார்டு சிஸ்டர் எழுதியது:

தம்பி, கேட்டது ரொம்ப நல்லது. பயப்படாதே. இப்படி வருவதில் பெரும்பாலும் வேறு காரணம்தான் இருக்கும்: நீர் கோர்த்தல், குடல் இறக்கம், நரம்பு சுருட்டல். ஆனால் தடவிப் பார்த்து நீயோ நானோ முடிவு செய்யக் கூடாது.

நாளைக் காலை ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போ. ஓ.பி. சீட்டு போடும்போது "சர்ஜரி" என்று மட்டும் சொன்னால் போதும், கவுண்டரில் வேறு எதுவும் விளக்க வேண்டியதில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஸ்கேன் எழுதுவார். வலிக்காது, வயிற்றுக்குச் செய்கிற அதே ஸ்கேன்தான். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் மூன்று சோதனை எழுதுவார்கள். யாராவது ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கலாம் என்றால் ஸ்கேனுக்கு முன்னால் ஒத்துக்கொள்ளாதே. கட்டியாக இருந்தால் அங்கே ஊசி குத்தவே கூடாது. சின்ன வயசில் ஒரு பக்கம் கீழே இறங்காமல் இருந்தது என்று அம்மா எப்போதாவது சொல்லியிருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்.

பதினெட்டு ஆகிவிட்டது என்றால் தனியாகவே போகலாம். செலவு என்று யோசிக்காதே. பெரிதாக ஏதாவது வந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரைக்கும்.

---

வலைக்காரன் எழுதியது:

லே மக்கா, தனியாகப் போக வேண்டாம். உள்பெட்டியில் நம்பர் போட்டிருக்கிறேன். காலையில் பைக் எடுத்துக்கொண்டு வருகிறேன், நீ எந்த ஊர் என்று மட்டும் சொல். நான் வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்பேன், உள்ளே வரமாட்டேன்.

---

புதுப்பயல் எழுதியது:

ஸ்கேன் பார்த்தாச்சு. ஹைட்ரோசீல், நீர் கோர்த்திருக்கிறதாம். கட்டி இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். சின்ன ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி தேதி கொடுத்திருக்கிறார்கள். வலைக்காரன் அண்ணனுக்கும் சிஸ்டருக்கும் நன்றி. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அழுதார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது பந்து ஆடலாம்? ஊர்த் திருவிழா டூர்ணமெண்ட் வருகிறது. நான் லெஃப்ட் பேக்.

---

வார்டு சிஸ்டர் எழுதியது:

தையல் ஆறி வீக்கம் வடிகிற வரைக்கும் ஓட்டம், குதி எதுவும் கூடாது. ஒரு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள். மறுபரிசோதனையில் டாக்டர் சரி என்ற பிறகுதான் பூட்ஸ். டூர்ணமெண்ட் அடுத்த வருஷமும் வரும்.

---

பழைய கோலி எழுதியது:

எந்த ஊர் டீம்டே நீ? எங்களுக்கு முதல் சுற்றே குளச்சல் பக்கத்து ஊர் ஒன்றோடுதான். லெஃப்ட் பேக் இல்லாத டீம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடு, பயல்களை அந்தப் பக்கம் அடிக்கச் சொல்லணும்.